சனிக்கிழமைவரை பந்தைக் கண்ணில் காட்டக் கூடாது

எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணிக்கு நான் கோல்காப்பாளராக ஆனதற்கு என் திறமை காரணமல்ல, என் முழங்கால்தான் காரணம். ஓட முடியாதவனைக் கோலுக்குள் நிறுத்துவது எங்கள் வழக்கம். அவன் நின்ற இடத்தில் நிற்பான், பந்து வந்து அவன்மேல் பட்டால் லாபம். அந்த முறைப்படி பார்த்தால் ஆள் அகலமாக இருப்பது நல்லது. கனடாவுக்கு வந்த நாள் முதல் நான் மற்ற எந்தத் துறையிலும் காணாத முன்னேற்றத்தை அகலத்தில் கண்டிருந்தேன்.

ஒவ்வொரு கோடையிலும் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் ஊர்களுக்கிடையே நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான போட்டி நடக்கும். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்தவை இங்கே பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களாக இருக்கும். கொத்துரொட்டிச் சத்தம் ஒருபுறம், ஒலிபெருக்கி ஒருபுறம், நடுவில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாங்கள்.

நான் சொல்லும் கோடை, அங்கே போர் முடிந்த வருடத்துக் கோடை. வைகாசிவரை ரொறொன்ரோ டவுன்ரவுண் தெருக்களில் பதாகையோடு நின்ற கால்களுக்கு ஒரு நாள் திடீரென்று நிற்கக் காரணம் இல்லாமல் போயிற்று. வீட்டில் ரீவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தோம். போட்டியை வைப்பதா, விடுவதா என்று ஊர்க்கழகங்கள் எல்லாம் கூடிக் கதைத்தன. கடைசியில் பாட்டு வேண்டாம், பைலா ஆட்டம் வேண்டாம், மௌன அஞ்சலியோடு தொடங்கலாம், சனம் ஒன்றையொன்று கண்டு கதைக்கவாவது ஓர் இடம் வேண்டும் என்று முடிவாயிற்று.

அதே கூட்டத்தில் ஒற்றுமையைப் பற்றியும் கதைத்தார்கள். அந்தக் கோடையில் ஒற்றுமையைப் பற்றிக் கதைக்காதவர் எவருமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சிக்கல். அணிகள் கூடிப்போயின, மைதானம் ஒன்றுதான், ஆகவே மூன்று வருடம் தொடர்ந்து ஒரு கோல்கூடப் பெறாத அணியைப் பக்கத்து ஊர் அணியோடு சேர்த்துவிடுவது என்று விதி போட்டார்கள். விதி பொதுவானது. அதற்குள் அகப்படக்கூடிய அணி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருடம் கோல் இல்லாமல் முடித்து, மூன்றாவதற்குள் அமைதியாகக் காலெடுத்து வைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் இடையே இருப்பது ஒரு மதகு. அந்த மதகு யாருடையது என்பது இன்னும் தீராத வழக்கு. நான் மதகைத் தாண்டித்தான் கலியாணம் கட்டினேன். அந்த ஊர் அணியின் தலைவன் என் மனைவியின் தம்பி. யூனியன்வில்லில் இரண்டு கராஜ் வைத்த வீட்டில் இருக்கிறான். நான் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், மற்றவர்கள் எல்லாம் வீடு வாங்கிக்கொண்டு போனபிறகும், லிப்ட் வருமென்று காத்திருந்த ஆள். விதி வந்த அன்றே அவன் என்னைத் தேடி வந்தான்.

“அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எங்கட ரீமில உங்கள் எல்லாருக்கும் இடமிருக்கு. தண்ணிப் போத்தல் தூக்க ஆள் காணாது.”

“ரீமின்ர பேர் என்னவா இருக்கும்?”

“எங்கட ஊர்ப் பேர்தான். உங்கட பேரையும் விடேல்லை. பனரில கடைசியா, அடைப்புக்குறிக்குள்ள போடுவம்.”

மனைவி தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தாள். “அடைப்புக்குறிக்குள்ள இவர் கொள்ளமாட்டாரடா,” என்றாள்.

எங்கள் அணித்தலைவர் ரக்சி ஓட்டுகிறவர். வயதில் எங்களெல்லோருக்கும் அண்ணை. விதியைக் கேட்டதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே சொன்னார்:

“ஊரில இப்ப சனமில்லை. ஆமிதான் நிக்குது. அந்தப் பேரை வருசத்தில ஒருக்காச் சத்தம்போட்டுச் சொல்லுறது இஞ்சத்தை மைக்கிலதான். இதையும் விட்டா, பிறகு எங்கையடாப்பா கேக்கிறது?”

நான் ஏதோ பகிடி விடப் பார்த்தேன். வரவில்லை. எனக்கு அது அபூர்வம்.

ஆக, எங்களுக்குத் தேவைப்பட்டது கிண்ணமல்ல, வெற்றியல்ல. ஒரு கோல். ஒரே ஒரு கோல்.

இந்த நெருக்கடியில்தான் லிப்டுக்குள் அந்த அன்ரியைச் சந்தித்தேன். எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரக் கிழவி. எங்கள் மாடியிலேயே இருப்பவர். பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த எனக்கு, முள் குத்துகிறதே என்று கோல்காப்பாளர் கையுறையைப் போட்டுக்கொள்ளும் புத்தி வந்திருந்தது. அவர் பலாப்பழத்தைப் பார்க்கவில்லை, கையுறையைத்தான் பார்த்தார். தன் அப்பாவும் கோல்காப்பாளர் என்றார். அதுவும் சும்மா அல்ல, இங்கிலாந்தில், முதலாம் உலகப் போருக்கு முன்னர், சம்பளத்துக்கு விளையாடியவர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு ஞாபகமிருப்பது யாழ்ப்பாணத் தமிழில்தான். இதை வாசித்து அவர் குறை சொல்லப்போவதில்லை என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

“வா தம்பி, அப்பான்ர படத்தைப் பார்,” என்று தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் ஒரு மனிதர் கைகட்டி நின்றார். பெரிய மீசை, தட்டைத் தொப்பி, கழுத்தை மூடிய தடித்த கம்பளி ஸ்வெற்றர், காலடியில் பந்து. நான் உடனே பக்தனாகிவிட்டேன். வெள்ளைக்காரன், பழைய படம், மீசை. இதற்குமேல் எங்களுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அதன்பின் வாரக் கணக்காக, நான் வடை கொண்டு போவதும் அவர் அப்பாவைச் சொல்வதுமாக நடந்தது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பெடியன். பஞ்சாலை ஊர் ஒன்றின் இரண்டாம் பிரிவு அணி அவரைப் பிடித்துக்கொண்டு போனது. சுரங்கத்துக்குள் இறங்காமல் வெயிலில் நின்று சம்பளம் வாங்குவது என்பதே அவருக்கு நம்பமுடியாத யோகம். அந்தக் காலத்தில் கோல்காப்பாளர் தன் பக்கத்துப் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாமாம். தூக்கிக்கொண்டு ஓடத்தான் கூடாது. ஆகவே அவர் பந்தைத் தரையில் தட்டித் தட்டி, கூடைப்பந்து விளையாடுகிறவர் மாதிரி, நடுக்கோடுவரை ஓடிவந்து அங்கிருந்து உதைப்பாராம். எதிரணி ஆட்கள் தோளால் இடித்து விழுத்துவார்களாம். அதுவும் சட்டப்படி சரியாம்.

“பிறகு சட்டத்தை மாத்திப்போட்டாங்கள்,” என்றார் அன்ரி. “கோலுக்கு முன்னால கீறின பெட்டிக்கு வெளியில கை வைக்கக் கூடாதெண்டு. பிறகு சண்டை வந்திட்டுது. பந்தும் இல்லை, ஒண்டும் இல்லை.”

“சண்டை முடிய?”

“முடிய அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டாங்கள். அவருக்குப் பதிலா விட்ட பெடியன் திரும்பி வரேல்லை.” கொஞ்ச நேரம் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதைப் பற்றி அப்பா கதைக்கமாட்டார்.”

நானும் வடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் எங்கள் வீடுகளிலும் அப்படிப் பாதியில் நிறுத்தி வைத்த கதைகள் நிறைய இருந்தன.

அடுத்த முறை நான் பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். அதில்தான் எனக்கு ஞானம் கிடைத்தது. அந்த நாள் ஆங்கிலேய அணிகள் வாரம் முழுவதும் பந்தைத் தொடுவதில்லையாம். திங்கள் தொடங்கி வெள்ளிவரை நடை, நடை, வெறும் நடை. பந்தைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். அப்போதுதான் சனிக்கிழமை ஆட்டக்காரனுக்குப் பந்தில் பசி வருமாம். ஆட்டத்துக்கு முன் பச்சை முட்டையை மதுவில் அடித்துக் குடிப்பார்களாம்.

நான் ஓடிப்போய் அணித்தலைவர் அண்ணைக்குச் சொன்னேன்.

“பந்தே இல்லாமல் பயிற்சியோ?”

“அண்ணை, இங்கிலீசுக்காரன் கண்டுபிடிச்ச விளையாட்டு. அவனுக்குத் தெரியாதோ? நாங்கள் பந்தோட பயிற்சி செய்துதானே ரெண்டு வருசமா ஒரு கோலும் இல்லை.”

அவர் யோசித்தார். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. பந்தை ரக்சியின் டிக்கிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஆங்கிலேயர்கள் வாரக் கணக்குக்குச் சொன்னதை நாங்கள் கோடை முழுவதற்கும் நீட்டினோம். பசி கூடட்டுமே! ஸ்காபரோவில் ஒரு மோல் காலையில் கடை திறக்க முன்னரே நடக்கிறவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடும். அங்கே நடந்தோம். நாங்கள் பதினொருவர், முழங்கால்வரை காலுறை போட்டுக்கொண்டு, சப்பாத்துக் கடையையும் நகைக்கடையையும் சுற்றிச் சுற்றி. ஊன்றுகோலோடு நடக்கும் சீனத்து மூதாட்டிகள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி திரும்பிக் கையசைத்தாள். அடித்த முட்டைக்குப் பதிலாக எங்கள் முட்டைக்கோப்பி. அதில் பிரண்டி விடுவது வைத்தியம், குடியில் சேராது. இந்த ஒரு அம்சத்தில் அணியின் ஒழுங்கு அபாரமாக இருந்தது. பிந்தி வந்தவர் எவருமில்லை. மனைவியின் ஊதா நிற, கழுத்தை மூடும் குளிர்காலக் கம்பளி ஸ்வெற்றரை எனக்காக எடுத்துக்கொண்டேன்.

“ஆவணி மாசத்திலையோ?” என்றாள்.

“அந்தக் காலத்துக் கோல்காப்பாளர் எல்லாம் உப்பிடித்தான்.”

“அந்தக் காலத்து ஆக்கள் செத்துப்போச்சினம்தானே. ஏனெண்டு இப்ப விளங்குது.”

போட்டி நாள் வந்தது. மௌன அஞ்சலியின்போது மைதானமே அசையாமல் நின்றது. கொத்துரொட்டிக்காரர் தகட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். எவருக்கும் தலையை நிமிர்த்தி மற்றவரைப் பார்க்கத் துணிவில்லை. பிறகு முதல் ஆட்டமே எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் என்று ஒலிபெருக்கி சொன்னது. அன்ரியைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் கூடாரத்தில் மடக்குக்கதிரை போட்டு இருத்தியிருந்தேன். நடுவர் இங்கே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. விசிலும் கையுமாக நின்றாள்.

அணித்தலைவர் டிக்கியைத் திறந்தார். பந்தைக் கண்டதும் எங்களுடைய ஆட்களின் முகம் மாறிய விதம் இருக்கிறதே, விரதம் முடித்தவர்கள் பந்தியைப் பார்ப்பதுபோல இருந்தது. முறை வேலை செய்திருந்தது. பிரச்சினை என்னவென்றால், அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது.

விசில் ஊதியதும் எங்கள் பத்துப் பேரும் இலையான் மாதிரிப் பந்தில் மொய்த்தார்கள். யாரும் இடத்தில் நிற்கவில்லை. பந்து கிடைத்தவன் அதை இன்னொருவனுக்குக் கொடுப்பான் என்று எதிர்பார்க்க முடியுமா? கோடை முழுவதும் பட்டினி கிடந்து கிடைத்த பந்து. எங்களுடைய இடதுபக்க ஆள் எங்களுடைய வலதுபக்க ஆளிடமிருந்து அதைப் பறித்தார். அவரிடமிருந்து அணித்தலைவர் பறித்தார். பக்கத்து ஊர்க்காரர் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று இதைப் பார்த்தார்கள். பிறகு ஆறுதலாக வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோல் அடித்தார்கள். இப்படி நாலு.

ஐந்தாவது தடவை பந்து நேரே என் வயிற்றில் வந்து விழுந்தது. பிடித்துவிட்டேன்! சனம் கத்தியது. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. ஸ்வெற்றருக்குள் வெந்துகொண்டிருந்த எனக்கு முன்னால் வெட்டவெளியாக மைதானம் கிடந்தது. எனக்கும் பசிதானே. பந்தைத் தரையில் தட்டத் தொடங்கினேன். தட்டித் தட்டி ஓடினேன். முழங்கால் நோ எங்கே போயிற்று என்று தெரியாது. பெட்டியைத் தாண்டி, எல்லோரையும் தாண்டி, நடுக்கோடுவரை போய்விட்டேன்.

விசில் ஊதிக்கொண்டே அந்தப் பிள்ளை எனக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

“அங்கிள்! வட் ஆர் யூ டூயிங்? பொக்ஸுக்கு வெளியில ஹான்ட்ஸ் யூஸ் பண்ண ஏலாது!”

“பிள்ளை, முந்தி ஏலும்.”

“முந்தி எண்டா வென்?”

“முதலாம் உலகச் சண்டைக்கு முன்னம்.”

அவள் விசிலை வாயிலிருந்து எடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அங்கிள், ஆர் யூ ஓகே? தண்ணி குடிக்கிறீங்களா?”

பந்தை உதைக்கும் உரிமையை மற்ற அணிக்குக் கொடுத்தாள். நான் நடுக்கோட்டில், என் கோல் அங்கே தனியாக. மைத்துனன் அங்கிருந்தே உதைத்தான். பந்து உருண்டு உருண்டு போனது. நான் பின்னால் ஓடினேன். பந்து போன பிறகும் ஓடினேன். மைதானத்தைச் சுற்றி நின்ற சனம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இனிச் செய்வதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கை கேட்டால்தானே. இடைவேளைக்குள் இன்னும் இரண்டு தடவை அதையே செய்தேன். ஏழுக்குப் பூச்சியம்.

“அங்கிள், இன்னொருக்காச் செய்தா ரெட் கார்ட். ஐ ஸ்வேர்,” என்றாள் பிள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

இடைவேளையில் தேசிக்காய்த் துண்டைச் சப்பிக்கொண்டு அன்ரியிடம் போனேன்.

“அன்ரி, உங்கட அப்பா செய்தமாதிரித்தானே செய்தனான். ஏன் சரிவரேல்லை?”

“சட்டத்தை மாத்தினாப் பிறகு அப்பாவுக்கும் சரிவரேல்லை தம்பி. அவராலயும் கையை அடக்க ஏலேல்லை. ஒவ்வொரு கிழமையும் நடுக்கோடுமட்டும் ஓடுவார். உதாலதானே அவரை ரிசேர்வ் ரீமுக்கு அனுப்பினவங்கள்.”

“நீங்கள் அவர் பெரிய ஆட்டக்காரன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

அன்ரி கொத்துரொட்டிக் கரண்டியை நிறுத்தினார். “நான் எப்ப சொன்னனான்? நல்லா விளையாடினவரோ எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லையே.”

உண்மைதான். பயிற்சியைக் கேட்டேன், முட்டையைக் கேட்டேன், ஸ்வெற்றரின் கம்பளி என்ன கம்பளி என்றுகூடக் கேட்டேன். மீசையைப் பார்த்ததோடு மற்றக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

அணித்தலைவர் தள்ளிப்போய் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

மைத்துனன் சிரித்துக்கொண்டு எங்கள் கூடாரத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தான். “அத்தான், கவலைப்படாதேங்கோ. அடுத்த வருசம் எங்கட ரீமில போத்தல்...”

“போத்தலோ?” என்றாள் என் மனைவி. அவள் குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரலை அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ரெண்டு ஊரும் ஒண்டானா உன்ர அத்தான்தான் கோலுக்குள்ள நிப்பார். என்ர மனுசனைப் போத்தல் தூக்க விட்டியெண்டா, நத்தாருக்கு இல்லை, பொங்கலுக்கு இல்லை, ஒண்டுக்கும் என்ர வாசல் பக்கம் வராதை. அம்மாவுக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லுவன்.”

“அக்கா, பகிடியோ?”

“நான் எப்பவடா பகிடி விட்டனான்? அது இவற்ற வேலை.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஊதா ஸ்வெற்றர், வடியும் வியர்வை, வாயில் தேசிக்காய். தன் அணியின் கோலிலிருந்து நான் நடுக்கோடுவரை பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதையும், வருடா வருடம் ஓடுவதையும் அவன் மனக்கண்ணால் காண்பது எனக்கே தெரிந்தது. குடிக்காமலே தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பாதியில் அவன் ஆட்டமே மாறிப்போயிற்று. எங்கள் ஆட்களுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர்கள் தங்களுக்குள் பறித்துத் தொலைத்தார்கள். மறுபடி கொடுத்தான். எங்களுடைய முன்வரிசை ஆள் வெறும் கோலுக்கு முன்னால் நின்று, பந்தை விட்டுப் பிரிய மனமில்லாமல், அதைத் திருப்பி எங்கள் பக்கமே கொண்டுவந்தார். “அண்ணை, அடியுங்கோவன்!” என்று மைத்துனன் கெஞ்சியது கூடாரம்வரை கேட்டதாம். நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போது அவன் பந்தோடு தனியாக நின்றான். முன்னால் எவருமில்லை. மெல்லத் திரும்பினான். தன் கோல்காப்பாளருக்கே பந்தைத் திருப்பிக் கொடுப்பவன்போல ஒரு காலைத் தூக்கி, தன் கோலின் வலதுபக்க மேல் மூலையில் போட்டான். என்ன அழகான கோல்! அவன் வாழ்க்கையில் அதற்கு முதலும் பிறகும் அப்படியொன்றை அடிக்கவில்லை.

ஒலிபெருக்கிக்காரர் யார் அடித்தது என்று பார்க்கும் பழக்கமில்லாதவர். வலை அசைந்தால் கத்துவார். எங்கள் ஊர்ப் பெயரை இழுத்து, மைதானம் முழுவதும், அதற்கப்பால் கார்த் தரிப்பிடம்வரை கேட்கக் கத்தினார்: “கோல்!” சனம் எழும்பிக் கை தட்டியது. பக்கத்து ஊர்ச் சனமும் தட்டியது. அன்ரி கரண்டியால் கதிரையைத் தட்டினார்.

பக்கத்து ஊர்க் கழகத்துக்காரர் சிலர், தன் கோலுக்குள் தானே போட்டது செல்லாது என்று வழக்குக் கொண்டுபோனார்கள். ஒலிபெருக்கிக்காரர்தான் போட்டிக்குழுவின் செயலாளரும். “கோல் பெறாத அணி எண்டுதான் விதி. ஆர் அடிச்சது எண்டு ஆர் கேட்டது? மைக்கில சொன்னது சொன்னதுதான்,” என்றுவிட்டார். ஏழுக்கு ஒன்று என்று தோற்று, தனி ஊராகவே தப்பினோம்.

மைத்துனன் என் கையைக் குலுக்கினான். “அத்தான், நீங்கள் உங்கட ஊருக்கே நில்லுங்கோ,” என்றான். அவ்வளவு மனமார்ந்து அவன் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்டும் செய்யேல்லை. ஸ்வெற்றரைக் கழட்டுங்கோ, மணக்குது.”

அன்ரியைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் நின்று மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“சண்டை முடிஞ்சு அப்பா திரும்பப் போனார் எண்டு சொன்னனான்தானே. முதல் மாட்சிலையே பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோடுமட்டும் ஓடினவராம். சண்டைக்கு முன்னம் அதுக்குக் கல்லெறிஞ்ச சனம், அண்டைக்குச் சிரிச்சதாம். தம்பி, அந்த மைதானத்தில அவ்வளவு காலத்துக்குப் பிறகு சனம் சிரிச்சது அண்டைக்குத்தானாம். ரெண்டு மூண்டு மாட்சுக்குப் பிறகு அவரை நிப்பாட்டிப்போட்டாங்கள். கப்பலேறி இஞ்ச வந்திட்டார். என்ன கிண்ணம் வெண்டனீங்கள் எண்டு கேட்டா உந்தச் சிரிப்பைத்தான் சொல்லுவார்.”

அடுத்த வருடம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். பந்து வெளியே போனால் கொடி தூக்கும் வேலை தந்தார்கள். பந்தைத் தொடக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை.

கோல் விழுந்த அன்று, அன்ரியைக் காரில் இருத்திவிட்டு மடக்குக்கதிரையை எடுக்கத் திரும்பி வந்தேன். அடுத்த ஆட்டம் தொடங்கவில்லை. அணித்தலைவர் அண்ணை இன்னும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, டிக்கிக்குத் திரும்ப வேண்டிய பந்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“அண்ணை,” என்று ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டார். “அதை இன்னொருக்காச் சொல்லுங்கோவன்.”

“எதை? இன்னொரு கோலோ?”

“இல்லையண்ணை. சும்மா. பேரை மட்டும்.”

ஒலிபெருக்கிக்காரர் எங்களிருவரையும் பார்த்தார். மைக்கை ஒருதரம் ஊதினார், பிறகு சொன்னார்.